சாத்துகிற கை

வெள்ளம் வடிந்து பதினோரு நாளாகியும் சுவர் காயவில்லை. அடியிலிருந்து கரும்பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் காற்றோட்டம் இல்லாவிட்டால் மகளின் மூச்சிரைப்பு நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மரகதம் ஜன்னலைத் திறந்து வைப்பாள். கணவன் சற்குணம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாத்திவிடுவான்.

"கொசு வருது மரகதம்."

"கொசுவுக்கு வலை இருக்குங்க. பூஞ்சைக்கு என்ன இருக்கு?"

"இருக்கிற ஒரு ஃபேனையும் சுவத்துக்குக் குடுத்துட்டே. அது காயிறதுக்கு நான் வேர்த்து ஒழுகுறேன். இன்னும் என்னவாம்?"

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் மரகதம் ஸ்டூல்மேல் ஏறி, ஜன்னல் கதவின் கீல் திருகாணியில் திருப்புளியை வைத்தாள்.

மாலையில் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குக் கையை நீட்டினான். கம்பிகளுக்கு வெளியே போன கை, கதவைத் தேடித் துழாவியது.

"கைய எடுங்க," என்றாள் மரகதம். "காத்த மறைக்குது."