சும்மா உட்காராதவர்

"பெரியவர் சீட்டைப் பாருங்கம்மா. அவர் என்னிக்காவது சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

மேலாளர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விரலை நீட்டினார். குடைக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இரண்டே மேசைகள். ஒன்று பெரிய எழுத்தருடையது. நாற்காலி முதுகில் சாம்பல் நிறக் கோட்டு, விரித்த கோப்பின் மேல் மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர். மற்றது, இப்போது மேலாளர் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் சின்ன எழுத்தருடையது.

பார்த்ததில்லை என்று அவள் உண்மையையே சொன்னாள்.

புகார்ப் பிரிவுக்கு இனி ஒரு ஆள் போதும் என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. யாரை அனுப்புவது என்று மேலாளர் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டாராம். பார்வைக்கு அப்படியொன்றும் சேதம் தெரியவில்லை.

கையோடு நோட்டு வேறு வைத்திருந்தார். செவ்வாய், பதினொன்றே காலுக்குக் கொட்டாவி. வியாழன், ஜன்னல் வழியே வேடிக்கை. வெள்ளி, தனியாகச் சிரிப்பு. எல்லாம் சின்ன எழுத்தரின் பக்கத்தில். நாள் முழுக்க இடத்திலேயே இருக்கிறவள் கொட்டாவியையும் அங்கேதானே விட வேண்டும்? பெரியவரின் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குடோனுக்குப் போயிருப்பார், தையல் பிரிவுக்குப் போயிருப்பார் என்று மேலாளரே அவருக்காகப் பதில் சொல்லிக்கொள்வார்.

குடை மடங்காததால் பஸ்ஸுக்குள் ஏற முடியாமல் ஏழு மைல் நடந்தவரின் கடிதத்தைப் படித்துத்தான் அன்று சிரித்ததாக அவள் விளக்கினாள். மேலாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

"அவர் எழுதுற பதிலைப் படிச்சிருக்கீங்களா? திட்டி எழுதினவங்களே இன்னொரு குடை வாங்குறாங்க. இதுல, மாசக்கணக்கா சம்பளக் கவரைக்கூட வாங்க வரலையாம். காசாளர் சொன்னார். எப்பேர்ப்பட்ட மனுஷன்."

"சார், வீட்டுல மூணு பேருக்கும் என் சம்பளம்தான். இதை விட்டா எனக்கு வேற வழியில்லை."

இன்னொன்றும் நுனி நாக்கு வரை வந்தது; விழுங்கிக்கொண்டாள். மேலாளருக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் எடுத்த முடிவு எடுத்ததுதான். இரண்டு கடிதங்களை நீட்டினார். ஒன்று அவளை வேலையிலிருந்து விலக்கியது. மற்றது பெரியவருக்குப் பதவி உயர்வு.

"இதை அவர்கிட்ட காட்டி, கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டுக் கிளம்புங்கம்மா."

வெளியே வந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும். இந்தச் சிரிப்பையும் மேலாளர் குறித்துக்கொள்வாரே என்று முதுகைக் காட்டி, பெரியவரின் மேசைமேல் பதவி உயர்வுக் கடிதத்தை வைத்துக் குனிந்தாள்.

பெரியவர் விலகல் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு மகள் ஊருக்கே போய்விட்டார். ஆள் குறைந்தால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பயந்து அதை மறைத்துவிட்டு, எட்டு மாதமாகத் தினமும் காலையில் அவர் நாற்காலியில் கோட்டை மாட்டித் தேநீர் வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். 'பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே, அவர் பெயரில் அத்தனை பதில்களுக்கும் போட்டுப் பழகிய கையெழுத்தைப் பிசிறில்லாமல் போட்டாள்.