பாட்டுக் குப்பி

என் காதுக் கருவியில் சத்தம் அடைத்த மூன்று குப்பி. பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, மழைச் சத்தத்துக்கு ஒன்று. நான் பாட்டுக் கேட்கிற ஆளே இல்லை. ஆனாலும் தினமும் காலையில், துவாரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அதுவே பாடிப் பாடிப் பாட்டைத் தீர்த்துவிடும்.

பேத்திக்குப் பெயர் வைக்கிற அன்று, அவள் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டியவன் நான். மகள் பிரமு அதுவரை பெயரை யாரிடமும் சொல்லவில்லை. நான் தொட்டிலருகே குனிந்ததும் கருவி அடைத்துக்கொண்டது.

“பாட்டு தீர்ந்தது. குப்பி மாற்றினால்தான் பேச்சு கேட்கும்.”

இந்த அறிவிப்பு மட்டும் எப்போதும் கணீரென்று கேட்கும். பேச்சுக் குப்பியைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி இருந்தது. கருவி விற்ற கம்பெனிக்காரன்கள் திருட்டுப் பயல்கள்.

கருவியைப் பையில் போட்டுவிட்டு, “காதுல கத்தும்மா” என்றேன்.

பிரமு வாயை என் காதோடு வைத்துக் கத்தினாள். “செவ்வந்தி! கேட்டுச்சா யப்பா?”

“தெருவுல போறவனுக்கே கேட்டிருக்கும்.”

பிரமு கத்திய அதே சத்தத்தில் பேத்தி காதிலும் மூன்று தடவை சொன்னேன். பிரமு என் தோளில் ஓங்கித் தட்டி என்னவோ திட்டினாள். அது கேட்கவில்லை. செவ்வந்தி வீறிட்டு அழுதது நன்றாகக் கேட்டது.