எவந்தியா அத்தையின் கைப்பக்குவம்

"உப்பு கூட. மாவு தடிமன். பூசணிக்கா சரியா வேகல."

எவந்தியா அத்தை முள்கரண்டியைக் கீழே வைத்தாள். தட்டு மட்டும் கழுவி வைத்தாற்போல் காலியாக இருந்தது.

மிர்சினி பல்லைக் கடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். ஸ்டாமாதிஸ் சன்னல் வழியே ஒலிவ மரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். முற்றத்தில் இருந்தது ஒரே ஒரு மரம்தான்.

கல்யாணமாகி மூன்று வருஷம். ஞாயிறு தவறாமல் மாமியார் சாப்பிட வந்துவிடுவாள். மிர்சினி காலையிலேயே எழுந்து மாவைத் துணி மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, அடுக்கடுக்காகப் பரப்பி, நடுவே பூசணியும் பாலாடைக்கட்டியும் வைத்து பிட்டா சுடுவாள். கலாமாட்டா நகரத்துப் பஸ் நின்று போகும் அந்தச் சின்னக் கிரேக்க ஊரில் எவந்தியா அத்தைதான் பேர்போன பிட்டாக்காரி. அவள் வாயால் 'நல்லா இருக்கு' என்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று மிர்சினிக்கு ஒரு வீம்பு.

"மிச்சத்தக் கட்டிக் குடு," என்றாள் அத்தை.

"நல்லா இல்லன்னீங்களே?"

"நான் திங்கவா கேக்கறேன்? சர்ச் வாசல்ல நாலு பூனை கிடக்கு. அதுங்க குத்தம் குறை பாக்காது."

பாதி பிட்டாவைத் தட்டோடு மார்பில் அணைத்துக்கொண்டு அத்தை கிளம்பிப் போனாள்.

கதவு சாத்தியதும் மிர்சினி வெடித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து நான் அடுப்பு பத்த வைக்கப் போறதில்ல. நீயும் உங்கம்மாவும் அந்தப் பூனைங்களோட போய் உக்காந்துக்கங்க."

"அம்மா குணம் தெரிஞ்சதுதானே, மிர்சினி..."

"அப்ப நீயாவது அவங்க முன்னாடி, 'எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டு, யார் வாங்கிக் கட்டிக்கறது?"

மேசைமேல் அத்தையின் மூக்குக்கண்ணாடி கிடந்தது.

"இதோ, மறந்துட்டுப் போயிட்டாங்க. போய்க் குடுத்துட்டு வா," என்றாள் மிர்சினி.

ஸ்டாமாதிஸ் அதற்குள் சோபாவில் சாய்ந்து குறட்டையே விட ஆரம்பித்திருந்தான்.

சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் ஞாயிறு மதியம் வயதான பெண்கள் கூடிக் காபி குடிப்பார்கள். ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவருவது வழக்கம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு மிர்சினி போனபோது வாசலில் ஒரு பூனையையும் காணோம். உள்ளேயிருந்து அத்தையின் குரல்தான் கணீரென்று கேட்டது.

"விடியக்காலையில எழுந்து தேய்ச்சேன். அந்த மாவுக்குப் பின்னாடி பேப்பரை வெச்சா எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், அவ்வளவு மெல்லிசு!"

"மருமகளுக்கும் கத்துக் குடுக்கறியா, எவந்தியா?"

"அவளுக்கா? முட்டையை அவிக்கச் சொன்னா பாத்திரத்தத் தீய்ச்சுடுவா!"

கூடமே சிரித்தது.

மிர்சினிக்குக் காதெல்லாம் சூடேறியது. கேட்கவேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள்.

சிரிப்பு நின்றது. அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் கையிலிருந்த கோப்பை சாஸரில் கடகடவென்று அடித்தது. அவசரமாக இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்தாள். அந்தக் கையும் நடுங்கியது.

மிர்சினி அந்தக் கைகளையே பார்த்தாள். இது பயத்தில் வந்த நடுக்கம் இல்லை. வீட்டில் அத்தை சூப்பைத் தொடுவதே இல்லை. காபி கொடுத்தால் வேண்டாம் என்பாள். ரொட்டியைக்கூட மகனிடம்தான் வெட்டித் தரச் சொல்வாள். எல்லாம் திமிர் என்றே மிர்சினி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்தக் கைகள் மாவு தேய்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ?

"வாம்மா, மிர்சினி," என்றாள் அத்தையின் சிநேகிதி அஸ்பசியா. "உன் மாமியார் பிட்டாவத் தின்னு பாரு. இந்த மாதிரி உன்னால செய்ய முடியுமா?"

அத்தை தரையைப் பார்த்தாள்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் மிர்சினி விழுங்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்குவம் எனக்கு எங்க வரப் போகுது? அத்தை, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீங்க."

அத்தை மெல்ல நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பாத்தீங்களா? அவளே ஒத்துக்கறா!" என்றாள் அத்தை.

சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியை மருமகளுக்காக இழுத்துப் போட்டாள். தட்டிலேயே பெரிய துண்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மிர்சினி காபி குடித்துவிட்டுக் கிளம்பியபோது அஸ்பசியா வாசல்வரை கூடவே வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பூசணியில பட்டை எவ்வளவு போடறே? என் மருமக கேட்டுட்டு வரச் சொன்னா."

மிர்சினி திகைத்தாள். "அதை நீங்க அத்தைகிட்டல்ல கேக்கணும்?"

"அவளுக்கு எப்படித் தெரியும்? உள்ள ஏழு தட்டு இருக்கே, ஏழும் மருமகளுங்க செஞ்சதுதான். எனக்கு முட்டி வலி, அவளுக்குக் கை, இன்னொருத்திக்குக் கண்ணு. இந்த வயசுல யாரால அடுப்புகிட்ட நிக்க முடியும்?"

"இது அத்தைக்குத் தெரியாதா?"

"தெரியாது, நீயும் சொல்லித் தொலைக்காதே. தான் ஒருத்திதான் புளுகறதா நெனச்சுக்கிட்டு, அந்தக் குறுகுறுப்புல எங்க பலகாரத்தையெல்லாம் அவ புகழற புகழ்ச்சி இருக்கே... அதைக் கேக்கறப்போ, நாங்கதான் செஞ்சோமோன்னு எங்களுக்கே தோணிடுது!"