பின்னோக்கி ஓடும் மீட்டர்

சிங்கப்பூரிலிருந்து ஹபீப் அனுப்பிய டட்சன் ஸ்போர்ட்ஸ் கார், வில்லியனூருக்கு வெளியே அவர் வீட்டுக் கொட்டகையில், சக்கரமில்லாமல் செங்கல்மேல் நிற்கிறது. அவர் கடலில் காணாமல்போய் நான்கு வருடம். அவரை இறந்தவராக எண்ணி, வெள்ளிக்கிழமை முதல் மனைவி கதீஜா, விதவைகள் வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தா இருக்க வேண்டும் என்று ஜமாஅத் சொல்லிவிட்டது.

கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள்தான் கிலோமீட்டர் எண்களைச் சுழற்றும். ரிவர்ஸில் போனால் இதில் எண் குறையும். அந்தக் கேபிளை, இந்தக் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கான நானே கழற்றி வைத்தேன். இருந்தும் தினமும் எண் குறைகிறது.

“இன்னாண்ணே, இன்னிக்கு எவ்ளோ காட்டுது?” என்றாள் கதீஜா.

“மூணும்மா.”

“ரயிலடிலேர்ந்து நம்ம வூட்டுக்கும் மூணு கிலோமீட்டர்தான். இத்தாவாம், இத்தா!”

அவள் சிரித்து முடிப்பதற்குள் மீட்டர் இரண்டைக் காட்டியது. கதீஜா போய்த் தெருக்கதவை விரியத் திறந்து வைத்தாள்.