மதிலுக்கு வெளியே

“எடுத்த கல்லை எடுத்த மாதிரியே வைக்கத் தெரியாதவன் எதுக்குடா மலைக்கு வர்ற?”

ஸ்த்ராதோஸ் என் கத்தலைக் காதில் வாங்கவே இல்லை. புரட்டிய கற்களையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதென்ஸிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா?

கல்லுக்கடியில் ஈரம். ஈரத்தில் எறும்புக் கூடு. எறும்பு முட்டையைத் தின்ன வருவதுதான் புழுப்பாம்பு. கல்லைப் புரட்டி வெயிலில் போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் எல்லாம் காய்ந்துவிடும். பாம்பு தேடுகிறவனுக்கு இருக்கிற ஒரே ஒழுக்கம், கல்லை அதன் பள்ளத்திலேயே திரும்ப வைப்பது. அதுகூட முடியாதென்றால் வீட்டில் கிடந்து டிவி பார்க்க வேண்டியதுதானே.

இவன் அதோடும் விடவில்லை. கையிலிருந்த சின்ன மண்வாரியால் பள்ளங்களையெல்லாம் கிளறிச் சமமாக்கி வைத்திருந்தான்.

இத்தனைக்கும், இப்படி ஓர் இடம் லேசில் வாய்க்காது. மலை முழுக்கப் பாறை. மாதா கோயில் மதிலுக்கு வெளியே, காட்டு அத்தி மரத்தை ஒட்டி மட்டும் மண் மெத்தென்று இருந்தது. அதன்மேல் முழ நீளத்தில் தட்டைக் கற்கள். மதில் சரிந்து விழுந்தவை என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் மழை விட்ட மறுநாள், இதைவிட நல்ல இடத்தைக் கனவில்தான் பார்க்க முடியும்.

என் உள்ளங்கையில் ஒன்று நெளிந்தது. ஷூ லேஸ் கனம். இளஞ்சிவப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள். வால் நுனி முள்ளால் என் விரலிடுக்கைக் குத்திக் குத்தி மண்ணைத் தேடியது.

அப்போதுதான் அஸ்பாசியா மேலே ஏறி வந்தாள். காலையில் கீழே காபிக் கடையில் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தவள். கையில் கீரை பறிக்கிற கத்தி. மூச்சு இரைத்தது.

“யாரைக் கேட்டுடா இங்க கை வெச்சீங்க?”

இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். எந்தப் பாம்பானாலும் முதலில் வெட்டுவார்கள், அப்புறம்தான் என்ன பாம்பு என்று பார்ப்பார்கள். சட்டென்று கையை மூடிக்கொண்டேன். ஸ்த்ராதோஸ்மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது.

“யம்மா, இதுக்கு விஷமும் கிடையாது, கடிக்கிற அளவுக்கு வாயும் கிடையாது. உங்களை ஒண்ணும் பண்ணாது. முதல்ல அந்தக் கத்தியைக் கீழ போடுங்க.”

“பாம்பைப் பத்தி உன்கிட்ட எவடா கேட்டா?”

அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. கற்குவியலையும் அதன்மேல் உட்கார்ந்திருந்தவனையும்தான் பார்த்தாள். கத்தியை வீசிவிட்டுப் போய் ஸ்த்ராதோஸின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஆறடி ஆள் எழுந்து நின்றுவிட்டான். ஆரஞ்சு உருண்டு போனது.

பிறகு மண்டியிட்டு, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்துப் பார்த்தாள். வைத்ததை எடுத்தாள். தள்ளி வைத்தாள். திரும்ப எடுத்தாள். எங்கள் இருவரையும் பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய வசவுகள் தாராளமாகச் சேர்ந்தன.

பாம்பை விட்டேன். தலை பட்ட இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கிப் போனது.

அவள் பக்கத்தில் நானும் மண்டியிட்டேன். இந்த ஒரு வேலை எனக்கு வரும். கல்லின் அடியில் இருக்கிற ஈரக் கறை, வேர்த் தடம், எறும்பு போன வழி, இவற்றைப் பார்த்தாலே எந்தப் பள்ளத்துக்கல் என்று சொல்லிவிடுவேன். ஆனால் பள்ளம் என்று ஒன்று இருக்க வேண்டும். ஸ்த்ராதோஸை அங்கேயே அறைந்திருப்பேன்.

கிளறிய மண்ணைக் கையாலேயே அகழ்ந்து, அடியில் பழைய பள்ளத்தின் விளிம்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடினேன். மண் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனது.

“உங்க கல்லுல ஏதாச்சும் அடையாளம் இருக்காம்மா? ஒரு கோடு, எழுத்து?”

அவள் கை நின்றது.

“எழுத்தா? பேரு வெச்சாத்தானடா எழுத முடியும். ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே எம் பொண்ணு போயிட்டா. பேரும் கிடையாது, மதிலுக்கு உள்ள புதைக்க இடமும் கிடையாதுன்னுட்டாங்க.”

மணிக்கட்டு வரை மண்ணுக்குள் இருந்த என் கையை மெல்ல வெளியே எடுத்தேன்.