எண்பத்தோராவது ஆள்

புதுப் பதக்கம் குத்திய சட்டையோடு தேநீர்க் கோப்பையை ஏந்தி நின்றவரை நோக்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் வந்தாள்.

அறுபத்தெட்டு கிலோ இருப்பாள் என்று விமானியின் கண் எடை போட்டுவிட்டது.

படையில் சரக்கு விமானம் ஓட்டிய காலத்துப் பழக்கம், ஓய்வு பெற்றும் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்வதற்கு முன் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிடுவார். சம்பந்தி வீட்டாரைக்கூட விட்டுவைக்கவில்லை. மானம் போகிறதென்று மனைவி தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எதிரி வளைத்துக்கொண்ட ஊரிலிருந்து அவர் கடைசியாகத் தூக்கிவந்த எண்பது பேரில் அவளும் ஒருத்தி. அப்போது வயிற்றில் இருந்த மகள் இன்று வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தாறு வருடம் கழித்து அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்து, சற்று முன்புதான் மேடையில் எல்லாவற்றையும் வாசித்திருந்தார்கள். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையில் இறங்கினார். இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்களை ஏற்றினார். மறுநாள் அந்த ஊர் வீழ்ந்தது, மிஞ்சியவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. வாசித்ததில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எண்பத்தோராவதா ஏறினவர் எங்க வீட்டுக்காரர்தாங்க. நீங்கதான் கையைப் பிடிச்சு இறக்கி விட்டீங்க. இன்னும் ஒரு ஆள் ஏறியிருந்தா விமானம் எழும்பியே இருக்காதுன்னு சொல்லித்தான் பொண்ணை வளர்த்தேன். அது சரிதானுங்களே?"

அவள் குரலில் சண்டை இல்லை. ஒரே ஒரு பதிலுக்காக அத்தனை வருடம் காத்திருந்தவளின் பயம்தான் இருந்தது.

அவர் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தார்.

ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்பது விமானப்படையின் சட்டம். ஆறாயிரம் கிலோவுக்கு எண்பது பேர். தராசு வைத்து நிறுக்க நேரம் ஏது? அதற்கு முந்தின வாரம்தான் அளவுக்கு மீறி ஏற்றிய இன்னொரு விமானம் ஓடுபாதையின் கோடியில் எரிந்து போயிருந்தது. அவர் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எழும்பியிருக்காதும்மா. இன்னும் ஒரு ஆள் ஏறியிருந்தாலும் எல்லாருமே போயிருப்போம்."

அவள் முகம் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் சொல்ல விறுவிறுவென்று வாசலை நோக்கிப் போனாள்.

அவர் பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அந்த ஊரில் நான்கு மாதமாகச் சாப்பாடே இல்லை. கணக்குப் போட்டபோது அது அவருக்கு உறைக்கவில்லை. அன்று இந்த அம்மாளே நாற்பது கிலோ தேறியிருக்க மாட்டாள்.

ஓடுபாதையில் பாதியைத் தாண்டுவதற்குள் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன. காலி விமானம்போல அது மேலே போனது. அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

கீழே நின்றவர்கள் நாற்பது பேர்தான். எல்லோரையும் ஏற்றியிருக்கலாம்.