கடல் பக்கத்து அறைக்கு வைத்த சோறு

"காணாமப் போனவனுக்கு தினமும் கறிச்சோறு! எந்த ஊர்லயாவது கேட்டிருக்கியா?"

பக்கத்து வீட்டு ஒனொதேரா அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். கயோ அம்மாவின் பெட்டியைக் காரில் ஏற்றினாள்.

"கடலுக்குப் போனவங்களுக்காக எங்க வீட்லயும்தான் ஒரு கிண்ணம் வைப்போம். மூடியைத் திறந்தா உள்ளே ஆவி முத்து கட்டியிருக்கான்னு பார்ப்போம். கட்டியிருந்தா ஆள் உயிரோட இருக்கான்னு அர்த்தம். அதோட சரி. வச்ச சோறு காலியாகறதை நான் பார்த்ததே இல்ல. கேட்டா, மகன் வந்து சாப்பிடறான்ங்கறாங்க உங்கம்மா!"

"அதான் கூட்டிட்டுப் போறேன்ல."

"நல்ல ஆஸ்பத்திரியாப் பார்த்துச் சேர்த்துடு. உங்கப்பாதான் பாவம். படகு திரும்பற வரைக்கும் அரிசிச் சோறு தொடமாட்டேன்னு கடல் சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, தேத்தண்ணியும் ஊறுகாயுமா உயிரை வச்சிருக்கார். அவரல்லவா மனுஷன்!"

கணவாய் மீன் பிடிக்கப் போன தம்பி கோஹெய்யின் படகு, போன இலையுதிர் காலத்தில் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அப்பாவைக் கண்டால் துறைமுகமே தலை குனிந்து வணங்கியது. அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மாவை அழைத்துப் போவதாகக் கயோ சொன்னபோதும் அப்பா தலையைத் திருப்பவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அம்மா இன்னும் அடுப்பை விட்டு நகரவில்லை. கொத்துக்கறி நிறம் மாறியதும் துருவிய இஞ்சியைத் தாராளமாகப் போட்டாள். பிறகு மிசோ என்ற சோயா விழுது, சர்க்கரை, கொஞ்சம் அரிசி மது. உப்பும் இனிப்புமான வாசம் வீட்டை நிறைத்தது.

"அம்மா, நேரமாகுது. மூடுபனி வேற இறங்கிடுச்சு."

"இருடி. கரண்டியால கோடு இழுத்தா அடிச்சட்டி தெரியணும். இப்பவே இறக்கினா தண்ணியா ஓடும்."

"யாருக்கும்மா இதெல்லாம்?"

"உன் தம்பிக்கு."

கொஞ்சமும் தடுமாறாத குரல்.

சுடுசோற்றின் மேல் கறி மிசோவைக் குவித்து, மூடி போட்டு, கடல் பக்கத்து அறையில் தம்பியின் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள் அம்மா. கதவைச் சாத்தினாள்.

"யாரும் உள்ளே போகக் கூடாது. அவனுக்குக் கூச்சம்."

பனிக்குள் எங்கோ ஒரு படகின் சங்கு ஊதி ஓய்ந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

திடீரென்று மூடிய அறைக்குள் பாய் சரசரத்தது. யாரோ நடக்கிறார்கள். 'டக்'கென்று கிண்ணத்தின் மூடி திறந்தது.

"அம்மா...!"

"வந்துட்டான்" என்றாள் அம்மா, சட்டியைத் தேய்த்தபடி. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

கயோ கதவை ஓர் இழை நகர்த்தினாள்.

கடல் வாடை முகத்தில் அடித்தது. பாயில் ஈரக் காலடிகள். ஒவ்வொன்றிலும் கடல் பாசித் துணுக்கு. அவை முடிந்த இடத்தில், தண்ணீர் சொட்டும் மஞ்சள் மழைக்கோட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம் குனிந்து உட்கார்ந்திருந்தது. கோஹெய் கடலுக்குப் போட்டுப் போனதும் இதே மாதிரிக் கோட்டுதான்.

கயோவின் தொண்டைவரை தம்பியின் பெயர் வந்துவிட்டது.

உருவம் கடைசிப் பருக்கைக்காகக் கிண்ணத்தைச் சாய்த்தது. பக்கவாட்டில் முகம் தெரிந்தது. நரைத்த தாடி. ஒட்டிய கன்னம்.

அப்பா.

வீட்டுக்குப் பின்னால் பாசி காயப்போடும் கொட்டகையிலிருந்து, கடல் பக்கத்துக் கதவு வழியாக வந்திருக்கிறார்.

கயோ சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அப்பாதான்மா! சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டுத் திருட்டுத்தனமா முழுங்கறார்! ஊரே உன்னைப் பைத்தியம்ங்குது, அதையும் கேட்டுக்கிட்டு..."

"மெதுவாப் பேசுடி! காதுல விழுந்தா நாளைக்கு வரமாட்டார்."

"உனக்குத் தெரியுமா?"

"பட்டினி கிடந்து ஆளு எலும்பாயிட்டார். நான் கெஞ்சினா சாப்பிடற மனுஷனா அவர்? வீம்பு."

"அப்ப தம்பிக்குன்னு வைக்கறது?"

"இஞ்சி வாசம் பட்டாலே உன் தம்பி மூக்கைப் பிடிச்சிட்டு ஓடுவானே, மறந்துட்டியா? இது உங்கப்பாவுக்குப் பிடிச்சதுடி." அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "என்னைப் பைத்தியம்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அவரைச் சத்தியம் தவறினவர்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா அவருக்கு யாருடி வைப்பா?"

கயோ வெளியே வந்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்திருந்தார் அப்பா. ஒனொதேரா அம்மாள் வேலியோரம் அவருக்குத் தலை குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பியாச்சா?" என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல்.

அவர் தாடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. வணங்கியவள் நிமிர்வதற்குள், பனித்துளியைத் துடைப்பதுபோல் கயோ அதைத் துடைத்துவிட்டாள். பிறகு காரிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"என்னடி, உங்கம்மா வரலியா?" என்றாள் ஒனொதேரா அம்மாள்.

"வரல. அம்மா சொன்னது நிஜம்தான், இப்ப நானே என் கண்ணால பார்த்தேன்" என்றாள் கயோ. "தம்பிதான் வந்து சாப்பிடறான்."